காயாத வண்ணம்: ஆயில் பேஸ்டல் பற்றி ஒரு மூட்டுவலிக்காரியின் மதிப்புரை

படம் வரைகிறவர்கள் ஆயில் பேஸ்டல் என்ற வண்ணக் குச்சியைப் பற்றிச் சொல்லும் முதல் குறை, அது காயாது என்பதுதான். உண்மை. ஒரு மாதம் கழித்துத் தொட்டாலும் விரலில் ஒட்டும். சட்டத்துக்குள் கண்ணாடி போட்டு வைக்காவிட்டால் தூசி அப்பிக்கொள்ளும், சட்டையில் பட்டால் சண்டைதான். ஆனால் நான் இந்தக் குச்சிகளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

எனக்கு முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய். மருத்துவமனைச் சீட்டில் ஆர்.ஏ. என்று போட்டிருப்பார்கள். அது வந்து பல வருடம் கழித்து ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக்குறைபாடும் இருக்கிறது என்று தெரியவந்தது. இரண்டுக்கும் துணையாக மனச்சோர்வு அவ்வப்போது வந்து தங்கிவிட்டுப் போகும். இந்த மாதிரி உடம்பையும் மூளையையும் வைத்துக்கொண்டு படம் வரைய நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நிறத்தின் செறிவு என்ன, வெளிச்சத்தில் எத்தனை காலம் மங்காமல் இருக்கும் என்றெல்லாம் அலசி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். என் அளவுகோல் வேறு. பெட்டியைக் கையில் எடுப்பதற்கும் முதல் கோடு விழுவதற்கும் நடுவில் இந்தப் பொருள் என்னிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது? பாதியில் போட்டுவிட்டுப் படுக்கப் போனால், திரும்பி வரும்போது என்ன ஆகியிருக்கும்? இந்த இரண்டு கேள்விதான்.

ஆயில் பேஸ்டல் என்பது நிறமித்தூளை மெழுகோடும் காயாத எண்ணெயோடும் குழைத்து வார்த்த குச்சி. ஆயில் பெயின்ட்டில் இருப்பது ஆளிவிதை எண்ணெய். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகிவிடும். இதில் உள்ள எண்ணெய் அப்படி இறுகாது. ஜப்பானின் சகுரா நிறுவனம் 1925இல் ‘கிரே-பாஸ்’ என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்காக இதைக் கொண்டுவந்தது. 1949இல் ஹென்றி கோட்ஸ் என்ற ஓவியர் பாரிஸில் உள்ள செனலியே கடைக்குப் போய், தன் நண்பர் பிக்காசோவுக்கு எந்தப் பரப்பிலும் வரையக்கூடிய ஒரு குச்சி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஓவியர்களுக்கான மென்மையான வகை அப்படித்தான் பிறந்தது. இன்றைக்கும் சந்தையில் இந்த இரண்டு பரம்பரைதான். ஒன்று கெட்டி, பிள்ளைகளுக்கானது. இன்னொன்று லிப்ஸ்டிக் போல வழுக்கிக்கொண்டு போவது. நடுவில் முங்யோ மாதிரியான நிறுவனங்களின் ‘சாஃப்ட்’ வகைகள் இருக்கின்றன. இவை ஓரளவு கட்டுப்படியாகும் விலையில் மென்மையைத் தருகின்றன.

சரி, காயாததால் எனக்கு என்ன லாபம்? முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. அதற்கு மறுநாள் எனக்கு நாளே கிடையாது. குமட்டல், அசதி, எதிலும் பிடிப்பில்லாத மந்தம். அது போக, நோய் தலைதூக்கும் காலம் வந்தால் வாரக்கணக்கில் விரல் மடங்காது. காலையில் கை வழிக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அக்ரிலிக்கில் வரைந்துகொண்டிருக்கும்போது இப்படி ஆனால் தட்டில் பிழிந்து வைத்த வண்ணம் அரை மணி நேரத்தில் தோலாகிவிடும். தூரிகையைக் கழுவாமல் விட்டால் அது அதோடு சரி. கழுவப் போனாலோ, குழாயைத் திருகுவது, மயிர்க்கற்றையை விரலால் பிசைந்து சோப்பு போடுவது எல்லாம் வலிக்கிற கைக்குக் கொடுமை. நீர்வண்ணம் இன்னும் பிகு பண்ணும். ஈரம் இருக்கும்போதே அடுத்த நிறத்தை விட வேண்டும். தவறினால் விளிம்பு கட்டிக்கொள்ளும். என் உடம்பு அந்த நேரக்கணக்குக்கு ஒத்துவராது.

ஆயில் பேஸ்டலில் இந்தத் தொல்லை இல்லை. நேற்று விட்ட இடத்தில் இன்று தொடரலாம். போன மாதம் விட்ட இடத்திலும் தொடரலாம். அப்போது பூசிய மஞ்சளின் மேல் இப்போது சிவப்பை வைத்து விரலால் தேய்த்தால், இரண்டும் சேர்ந்து ஆரஞ்சாகத்தான் வரும். பாதியில் நின்ற படத்தைப் பார்க்கும்போது வழக்கமாக வரும் குற்ற உணர்ச்சி இதில் எனக்கு வருவதில்லை. இதை மற்ற மதிப்புரைகளில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கை ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது போலிருக்கிறது.

அடுத்து, பிடி. கலர் பென்சில் என் எதிரி. மூன்று விரல் நுனியில் கிள்ளிப் பிடித்து அழுத்த வேண்டும். கட்டைவிரல் மூட்டுக்கு அதைவிட மோசமான வேலை இல்லை. கூர் தீட்ட மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். அதுவும் அழுத்தமான நிறம் வேண்டுமென்றால் ஒரே இடத்தில் அடுக்கடுக்காகத் தேய்க்க வேண்டும். ஆயில் பேஸ்டலை முழுக் கையால், முஷ்டிக்குள் வைத்து, படுக்கைவசமாகப் பிடித்து இழுக்கலாம். மூடி இல்லை, டியூப் இல்லை, தண்ணீர் இல்லை, சீவல் இல்லை. காகிதச் சுற்றை உரித்துவிட்டு குச்சியின் பக்கவாட்டால் தேய்த்தால் ஒரே இழுப்பில் அகலமாக நிறம் விழும். தோளிலிருந்து கையை அசைத்தாலே போதும், விரலுக்கு வேலை இல்லை. குச்சி மெல்லியதாக இருந்தால் நுரைக் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். கட்டைவிரல் தடிமனுக்கு வரும் குச்சிகளும் கிடைக்கின்றன. பிடிக்கத் திணறுபவர்கள் அதைத் தேடலாம்.

ஆனால் இந்தப் பாராட்டெல்லாம் மென்மையான வகைக்கு மட்டும். முதலில் நான் வாங்கியது மலிவான ஒரு மாணவர் செட். பெயர் வேண்டாம். மெழுகு தூக்கல், நிறமி சொற்பம். காகிதத்தின் மேல் சறுக்கிக்கொண்டே போகும், நிறம் ஒட்டாது. ஒட்ட வைக்க அழுத்தினேன். அன்று ராத்திரி மணிக்கட்டு வீங்கி, ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருந்தேன். ‘ஆரம்பத்தில் மலிவாக வாங்கிப் பழகுங்கள், பிறகு நல்லதுக்குப் போங்கள்’ என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. மூட்டு கெட்டவர்களுக்கு அதைச் சொல்லாதீர்கள். செட்டில் நிறம் குறைவாக இருந்தால் பரவாயில்லை, குச்சி மென்மையாக இருக்க வேண்டும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் நிறத்தின் எண்ணிக்கையில் பிடியுங்கள்.

மேசையில் ஒரு பலகையை வைத்து, தாளின் நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவேன். தாளைப் பிடிக்க இன்னொரு கை தேவைப்படாது. படுத்துக்கொண்டு வரைகிற நாட்களில் அதே பலகையை முழங்காலில் சாய்த்துக்கொள்ளலாம், எதுவும் சிந்தாது, சொட்டாது. மெத்தையில் துகள் விழும், அது தனிக் கதை.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரை இழுத்து வருவார். ‘அவருக்கும் உன் வியாதிதான், கையில் தூரிகையைக் கட்டிக்கொண்டு வரைந்தாராம், நீ என்ன சாக்குச் சொல்கிறாய்’ என்று. அவருக்கு ஐம்பது வயதை ஒட்டி முடக்குவாதம் வந்தது, 1919இல் சாகும்வரை வரைந்தார் என்பது சரி. தூரிகையைக் கட்டிக்கொண்டார் என்பதுதான் தவறு. புகைப்படங்களில் அவர் கையில் தெரியும் துணிக்கட்டு, உள்ளங்கைத் தோல் புண்ணாகாமல் இருக்கச் சுற்றியது. தூரிகையை எடுத்து அந்த வளைந்த விரல்களுக்கு நடுவில் யாராவது வைத்துவிட வேண்டியிருந்தது. வைத்துவிட ஆள் இருந்தது என்பதுதான் எனக்கு அந்தக் கதையில் முக்கியம். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941 அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி காகிதத்தை வெட்டிப் படங்கள் செய்தார். அந்தத் தாள்களுக்கு வண்ணம் பூசியதும், வெட்டிய துண்டுகளைச் சுவரில் ஏறிக் குத்தியதும் உதவியாளர்கள். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1925 பேருந்து விபத்துக்குப் பின் படுத்துக்கொண்டே வரைய, அவருடைய அம்மா படத்தைத் தாங்கும் சட்டம் ஒன்றைத் தனியாகச் செய்வித்துக் கொடுத்தார். எனக்கு உதவியாளர் கிடையாது. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு நானும் இந்தப் பெட்டியும்தான். அதனால் மூடி திறக்க ஆள் கேட்காத பொருள் எது என்று பார்க்கிறேன். (கத்தரிக்கோலை முயன்று பார்க்கச் சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை: என் கட்டைவிரலிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.)

இப்படிப்பட்ட ஓவியர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் பால் க்ளே. 1935இல் அவருக்கு நோய் தொடங்கியது. தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஸ்க்ளீரோடெர்மா என்று பின்னாளில் மருத்துவர்கள் கணித்தார்கள். அதற்குப் பிறகு அவர் கோடுகள் தடித்தன, உருவங்கள் எளிமையாயின. சாவதற்கு முந்தைய ஆண்டான 1939இல் மட்டும், அவரே எழுதி வைத்த கணக்குப்படி 1,200க்கும் மேற்பட்ட படைப்புகள். அந்த எண்ணிக்கை எனக்கு வேண்டாம், அதைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. தடித்த கோடு வேண்டும். ஆயில் பேஸ்டலில் மெல்லிய கோடு வராது என்று குறைபட்டுக்கொள்கிறவர்களிடம் நான் சொல்வது, வராவிட்டால் போகட்டும் என்பதே. மூக்கு நுனி, கண்ணிமை, விரல் நகம் எல்லாம் வரைய முடியாது. ஒரு உடம்பு எங்கே கனக்கிறது என்று வரைய முடியும்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூட்டுவாத மருத்துவர் ஒவ்வொரு முறையும் என் மூட்டுகளை அழுத்திப் பார்த்து எண்ணுவார். 28 மூட்டுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல் கணுக்கள், முழங்கால். கணுக்காலும் பாதமும் அந்தக் கணக்கில் வராது. ஒரு கட்டத்தில் என் கைகள் அமைதியாகிவிட்டன, வலி முழுக்கப் பாதத்தின் முன்பகுதிக்கு இறங்கிவிட்டது. எண் நன்றாக வந்தது. நானும் பேச்சில் கெட்டிக்காரி இல்லை. ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்த பிறகு எல்லாம் ஞாபகம் வரும் ரகம். அந்த மாதம் வீட்டில் ஒரு உடம்பின் வெளிக்கோட்டைப் போட்டு, வலிக்கிற இடங்களுக்கு நிறம் கொடுத்துப் பார்த்தேன். கைகளுக்கு வெளிர் மஞ்சளில் ஒரு தடவல், அவ்வளவுதான். பாதத்துக்கு வந்தபோது கை நிற்கவில்லை. செங்கல் சிவப்பு, அதன் மேல் கருநீலம், அதன் மேல் மறுபடி சிவப்பு. தாளின் சொரசொரப்பு நிரம்பி, அதற்கு மேல் நிறம் ஏறாமல் குச்சி வழுக்கத் தொடங்கியது. காலாவதியான ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் சுரண்டினேன். அடியில் இருந்த சிவப்பு ஐந்து கோடுகளாக, விரலுக்கு ஒன்றாக வெளியே வந்தது. அடுத்த முறை போகும்போது அதைப் பட்டர் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. ‘செருப்பைக் கழற்றுங்கம்மா’ என்றார். பாதத்தை இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினார், நான் கத்தினேன்.

மேலே ஒரு நிறம், அடியில் ஒரு நிறம், சுரண்டினால் அடிநிறம் தெரிவது இந்தப் பொருளின் பெரிய பலம். மனச்சோர்வின் நாட்களில் இது இன்னும் உதவுகிறது. அப்போது எனக்கு எதையும் வரையத் தோன்றாது, ‘எதை வரைவது’ என்ற கேள்வியே பாரம். ஒரு தாள் முழுக்கக் கண்ட நிறங்களையும் அப்பி, மேலே கறுப்பைப் பூசி மூடிவிட்டு, சுரண்டிக்கொண்டிருப்பேன். வடிவம் வந்தால் வரும். பள்ளியில் எல்லோரும் செய்திருக்கும் விளையாட்டுதான். இதைப் பார்க்கிறவர்கள் ‘ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு, பூ கீ ஏதாவது போடக்கூடாதா’ என்பார்கள். பூ வரைந்த நாட்களும் உண்டு, அப்போது யாரும் வந்து பார்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மனம் லேசாகும் என்று உத்தரவாதம் கிடையாது. எனக்கு ஒரு காலத்தில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் இன்னும் கீழே போன அனுபவம் உண்டு. என் மனநல ஆலோசகர் அந்தப் படங்களின் அர்த்தத்தைக் கேட்கவில்லை. எந்த நேரத்தில் வரைகிறாய், அன்று தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்டார். நள்ளிரவுக்கு மேல் பெட்டியைத் திறப்பதில்லை என்று அப்போது முடிவானது.

கடைகளில் ‘ஆர்ட் தெரபி’ என்று மேலே அச்சடித்து ஆயில் பேஸ்டலும் ஒரு சின்ன நோட்டும் போட்டு விற்கிறார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் கூடுதல் காசு. உள்ளே இருப்பது அதே குச்சி, பல சமயம் மட்டமான குச்சி. ஆர்ட் தெரபி என்ற பெயரை 1942இல் கொண்டுவந்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய்க்காக சானடோரியத்தில் கிடந்தபோது பொழுதுபோகாமல் வரைந்து, பிறகு மற்ற நோயாளிகளையும் வரையவைத்தவர். இன்றைக்கு அது படித்துப் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் தொழில். ஆள் இல்லாமல் பெட்டிக்குள் அடைத்து விற்கிற சரக்கு அது கிடையாது. நாம் வீட்டில் உட்கார்ந்து செய்வது வரைதல், அதற்கே ஒரு பலன் இருக்கிறது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 39 பெரியவர்களை 45 நிமிடம் விருப்பம்போல எதையாவது செய்யவிட்டு, உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மிச்சமிருந்த கால்வாசியில் சில நாள் நானும் உண்டு என்று நினைத்துக்கொள்வேன். தவிர, 45 நிமிடம் தொடர்ந்து என்பதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் கை நல்ல மனநிலையில் இருந்தால் இருபது நிமிடம் கொடுக்கும்.

ஏ.டி.ஹெச்.டி. பக்கம் வருவோம். கண்ணில் படாத பொருள் என் மூளைக்கு உலகத்திலேயே இல்லாத பொருள். அலமாரிக்குள் போன எத்தனையோ நல்ல தூரிகைகள் அங்கேயே கிழடாகிவிட்டன. அதனால் பெட்டியின் மேல்மூடியைப் பிய்த்து எடுத்துவிட்டேன். தட்டு மட்டும் மேசையில் எப்போதும் திறந்தே கிடக்கிறது. காய்ந்து போகாத பொருள் என்பதால்தான் இது முடிகிறது. தூசி படிந்தால் குச்சியின் நுனியை டிஷ்யூவில் ஒரு துடை துடைத்தால் போதும். நடந்து போகும்போது ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகலாம். தயாராக வேண்டியதில்லை என்பது எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

48 நிறப் பெட்டி ஆசை காட்டும். வாங்காதீர்கள், அல்லது வாங்கி மற்றவர்களிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். ஆறு வகைப் பச்சைக்கு முன்னால் உட்கார்ந்து எது என்று முடிவெடுப்பதிலேயே என் அன்றைய ஆற்றல் தீர்ந்துவிடும். பன்னிரண்டு நிறம் ஏராளம். விரலில் கலந்தால் மிச்சம் வரும்.

எதிர்த் திசையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. சில நாள் மூளை படத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குடிக்க ஞாபகம் இருக்காது, கை வலிப்பதுகூடத் தெரியாது, எழுந்த பிறகு மொத்தமாக வட்டியோடு வரும். ஆயில் பேஸ்டல் இங்கே உதவி செய்யாது. நீர்வண்ணத்தில் காய்வதற்காகக் காத்திருக்கும் கட்டாய ஓய்வு இதில் கிடையாதே. போனில் அலாரம் வைத்துக்கொள்கிறேன். அலாரத்தை நிறுத்த எழுந்து நடக்க வேண்டிய தூரத்தில் போனை வைக்க வேண்டும், பக்கத்தில் வைத்தால் அதை அணைத்தது யார் என்றே தெரியாது.

இப்போது, யாருக்கு இது ஒத்துவராது என்பது. என் அக்கா மகன் ஆட்டிசம் உள்ளவன், பதின்வயது. லிஃப்ட் கதவுகளை வரைவான். எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் துல்லியமாக இருக்கும். என் குச்சிகளை ஆசையாகக் கொடுத்தேன். முதலில் அவற்றை அவனுக்கே உரிய ஒரு வரிசையில் அடுக்கினான், அது வரைக்கும் நன்றாகப் போனது. ஒரு கோடு போட்டதும் விரலைப் பார்த்தான். தாளில் வைத்துத் துடைத்தான், தாள் கறைபட்டது. ‘சித்தி, இது கையை விட்டுப் போகவே மாட்டேங்குது’ என்று எழுந்து போய் நெடுநேரம் கை கழுவினான். மெழுகு வாசனையும் அவனுக்குப் பிடிக்கவில்லை. கெட்டி வகையைத் தாளில் தேய்க்கும்போது வரும் கிறீச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டான். கையுறை மாட்டி ஒருமுறை முயன்றான், கையுறையின் இறுக்கம் அடுத்த தொல்லை. இப்போது ஸ்கெட்ச் பேனாதான். நேர்க்கோடு, சுத்தமான விளிம்பு, கையில் ஒட்டாது. அவன் சொல்ல வேண்டியது துல்லியத்தில் இருக்கிறது, அதற்கு இந்தக் குச்சி லாயக்கில்லை. தொடுவுணர்ச்சி கூர்மையாக உள்ளவர்கள் பெட்டியாக வாங்குவதற்கு முன் ஒற்றைக் குச்சி வாங்கித் தொட்டுப் பாருங்கள். பிசுக்கை எடுக்க முதலில் கொஞ்சம் சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போட்டால் சீக்கிரம் போகும். வெறும் தண்ணீர் பயன்படாது.

டேப்லெட்டில் வரைவதோடு ஒப்பிடக் கேட்பார்கள். படுத்த படுக்கைக்கு அது வசதி, கறை இல்லை, அழுத்தமும் தேவையில்லை. என்னைப் போல் ஒரு கோட்டைப் போட்டு அழித்து, போட்டு அழித்துக்கொண்டிருக்கும் ஆட்களுக்கு அந்த ‘அன்டூ’ பொத்தான் ஒரு பொறி. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் திரை வெளிச்சமும் ஆகாது. மண்டலாக் கலரிங் புத்தகங்கள் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. பொடிப்பொடிக் கட்டங்களுக்குள் நிறம் நிரப்ப நுனி விரல்தான் வேண்டும்.

உடல்நலம் சார்ந்த சில விஷயங்கள். உலர் பேஸ்டலைப் போல இதில் தூள் பறக்காது. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஓவியர்களுக்கான விலையுயர்ந்த வகைகள் சிலவற்றில் காட்மியம் போன்ற நிறமிகள் இருக்கலாம். நாம் விரலால் தேய்க்கிறவர்கள், தோல் வெடிப்பும் இருக்கும். உறையில் நச்சற்றது என்பதற்கான ‘ஏ.பி.’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், கையோடு எதையும் தின்னாதீர்கள். கறை படாமல் இருக்க மேலே அடிக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே எனக்குச் சுத்தமாக ஆகாது. அதன் நெடியில் தலை பிளந்துவிடும். அடித்தாலும் ஆயில் பேஸ்டல் முழுசாக இறுகப் போவதில்லை. படத்துக்குப் படம் பட்டர் பேப்பரை வைத்து அடுக்கிவிடுகிறேன். சட்டம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் இடைவெளி விடச் சொல்ல வேண்டும். வெயில் நேராக விழும் ஜன்னலோரம் பெட்டியை வைத்தால் குச்சிகள் இளகும்; வலிக்கிற கைக்கு லேசாக இளகிய குச்சி நல்லதுதான், ரொம்ப இளகினால் இரண்டாக ஒடியும். ஒடிந்தாலும் துண்டை வைத்து வரையலாம்.

தாளில் கஞ்சத்தனம் வேண்டாம். வழுவழுப்பான பிரின்டர் தாளில் இரண்டாவது அடுக்கு ஏறாது, ஏற்ற நினைத்து அழுத்துவீர்கள், அழுத்தக்கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும். தாளின் கனம் 160 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) மேல், கொஞ்சம் சொரசொரப்பானது எதுவானாலும் சரி.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். மென்மையான வகைக்கு மட்டும். மலிவான கெட்டிச் செட்டுக்கு என் மணிக்கட்டு சார்பில் ஒன்று. ஒரு மதிப்பெண் குறைத்தது மெத்தைக் கறைக்காகவும், கையைத் துடைக்காமல் கதவுப்பிடியைத் தொட்டு நான் வீட்டில் வாங்கிய பேச்சுக்காகவும்.

வாங்கும்போது வெள்ளைக் குச்சி மட்டும் தனியாக இரண்டு சேர்த்து வாங்குங்கள். எல்லா நிறத்தையும் கலக்க அதுதான் ஓடும், பெட்டியில் முதலில் தீர்ந்துபோவதும் அதுதான்.